சீனன்குடாவின் காலித் தாங்கிகள்

சென்ற வாரம் அம்பாந்தோட்டையைப் பார்த்தோம். 2017-ல் 99 ஆண்டுக் குத்தகைக்குச் சீன நிறுவனத்திடம் போன துறைமுகம் அது. இந்த வாரம் இலங்கையின் கிழக்குக் கரையில் இருக்கும் திருகோணமலைக்குப் போவோம்.

தன் கப்பல்களுக்கு எரிபொருள் சேமித்து வைக்க, இரண்டாம் உலகப் போருக்கு முன்பே பிரிட்டிஷ் கடற்படை அங்குள்ள சீனன்குடாவில் எஃகுத் தாங்கிகளைக் கட்டியது. ஒவ்வொன்றும் சுமார் 12,000 கிலோலிட்டர் கொள்ளும். 1942 ஏப்ரலில் ஜப்பானியர் நடத்திய விமானத் தாக்குதலில் ஒன்று எரிந்தது. இன்று 99 இருக்கின்றன.

1980களின் தொடக்கத்தில் ஜெயவர்த்தனா அரசு இவற்றை வெளிநாட்டு நிறுவனங்களுக்குக் கொடுக்க முனைந்தது. பின்னால் இருப்பது அமெரிக்கா என்று டெல்லி சந்தேகித்தது. 1987 ஜூலையில் இந்தியப் பிரதமர் ராஜீவ் காந்தியும் ஜெயவர்த்தனாவும் இந்திய-இலங்கை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டதோடு கடிதங்களையும் பரிமாறிக்கொண்டார்கள். தாங்கிகளை இரு நாடுகளும் கூட்டாகச் சீரமைத்து நடத்தும் என்ற வாக்குறுதி அந்தக் கடிதங்களில்தான் இருக்கிறது. இனப்பிரச்சினையைத் தீர்க்க வந்ததாகச் சொல்லப்பட்ட ஒப்பந்தத்துக்குள் எண்ணெய்க்கும் இடம் இருந்தது!

2003-ல் இந்தியன் ஆயிலின் துணை நிறுவனமான லங்கா ஐஓசி உள்ளே வந்தது. ஆனால் கீழ்ப்பகுதித் தாங்கிகளைத்தான் பயன்படுத்தியது. மேலே இருந்த 84 தாங்கிகளும் காடு மண்டிக் கிடந்தன. வைக்கோற்போர் நாயின் கதை நினைவுக்கு வருகிறதா? எனக்கு வருகிறது. இந்தியாவுக்கு அந்தத் தாங்கிகளில் எண்ணெய் நிறைவதைவிட, வேறு எவரும் அங்கே வராமல் இருப்பதே முக்கியமாக இருந்தது என்பது என் கணிப்பு. கொழும்பும் சளைத்ததல்ல. சீரமைக்கக் கையில் பணம் கிடையாது, கொடுக்கப் போனாலோ தொழிற்சங்கங்கள் விடாது. அதனால் ஒவ்வோர் அரசும் பேச்சை இழுத்தடித்தது.

டாலர் தீர்ந்துபோய் நாடு தத்தளித்த 2022 ஜனவரியில்தான் முடிச்சு அவிழ்ந்தது. லங்கா ஐஓசிக்கு 14, இலங்கைப் பெட்ரோலியக் கூட்டுத்தாபனத்துக்கு 24. மீதி 61 இரண்டும் சேர்ந்த கூட்டு நிறுவனத்துக்கு. அதில் 51 சதவீதம் கூட்டுத்தாபனத்துடையது. இந்த உடன்பாட்டை எதிர்த்துத் தெருவில் இறங்கிய கட்சிகளில் ஜே.வி.பி. என்ற மக்கள் விடுதலை முன்னணியும் ஒன்று. 1987 ஒப்பந்தத்துக்கு எதிராக ஆயுதம் தூக்கியதும் அதே ஜே.வி.பி.தான்.

அதன் தலைவர் அநுர குமார திசாநாயக்க இன்று ஜனாதிபதி. 2025 ஜனவரியில் பெய்ஜிங் போனார். அம்பாந்தோட்டையில் 370 கோடி டாலரில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை அமைக்கச் சீனாவின் சினோபெக் நிறுவனத்தோடு உடன்பாடு கண்டார். ஏப்ரலில் மோடி கொழும்பு வந்தார். திருகோணமலையை எரிசக்தி மையமாக்க இந்தியா, இலங்கை, ஐக்கிய அரபு அமீரகம் மூன்றும் கையெழுத்திட்டன. தெற்கு சீனாவுக்கு, கிழக்கு இந்தியாவுக்கு என்று எவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

திருகோணமலையில் இந்தியாவின் திட்டங்கள் தாங்கிகளோடு நிற்கவில்லை. குடாவுக்கு அக்கரையில் இருக்கும் சம்பூர் மக்கள் 2006 போரில் விரட்டப்பட்டவர்கள். அவர்கள் பகுதியில் இந்தியாவின் என்டிபிசி 500 மெகாவாட் அனல்மின் நிலையம் கட்டுவதாக இருந்தது. 2016-ல் அது கைவிடப்பட்டது. இப்போது அங்கே வருவது 120 மெகாவாட் சூரிய மின் நிலையம். அந்த நிலத்தின் கதையை அடுத்த வாரம் பார்க்கலாம்.

(தொடரும்)