சாகாவுக்குச் சாகா வரம்

பழைய காரின் வயதைத் தெரிந்துகொள்ள வேண்டுமா? கதவைத் திறந்து, ஓட்டுநருக்கும் பக்கத்து இருக்கைக்கும் நடுவே பாருங்கள். கியரைச் சுற்றித் தொடங்கி ரேடியோ வரை எழும் அந்தப் பிளாஸ்டிக் கூட்டைத்தான் கன்சோல் என்கிறோம். வெளியே புதுப் பெயிண்ட் அடித்து வயதை மறைத்துவிடலாம். தினமும் கை படும் இந்த இடத்தில் அது முடியாது. ரேடியோ மாற்றியவர், அலாரம் பூட்டியவர் என்று ஒவ்வொருவரும் கழற்றி, வெட்டி, ஒட்டிவிட்டுப் போனதும் இங்கேதான்.

எங்கள் வீட்டில் நிற்பது 1988-இல் அப்பா வாங்கிய புரோட்டோன் சாகா. நாட்டின் முதல் தேசியக் காரான சாகா 1985 ஜூலை 9-ஆம் தேதி அறிமுகம் கண்டது. மிட்சுபிஷி லான்சர் ஃபியோரை அடிப்படையாகக் கொண்டு ஷா ஆலாமில் தயாரானது. சாகா என்பது சிவப்பு விதை ஒன்றின் மலாய்ப் பெயர். தமிழ்க் காதில் விழும்போது ‘சாகா வரம்’ நினைவுக்கு வரும். முதல் சாகா தேசிய அருங்காட்சியகத்தில் பத்திரமாக இருக்கிறது. மற்றவற்றில் பல, ‘கெடாய் போத்தோங்’ எனும் கார் உடைக்கும் கடைகளுக்குப் போய்விட்டன.

எங்களுடையதும் அங்கே போக இருந்தது. ரேடியோவைத் திறந்தால் பிளாஸ்டிக் கருகும் வாடை. “நெருப்புப் பிடிக்கிற காடியில பேரன ஏத்த மாட்டேன், வித்துடலாம்மா” என்றார் அப்பா. நான்கு விடுமுறை நாள் மட்டும் கொடுங்கள் என்று கேட்டு வாங்கினேன்.

முதல் வேலை, பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றுவது. அதன் பிறகுதான் ஸ்க்ரூடிரைவர். ஆஷ்ட்ரே, கியர் குமிழ், ரேடியோ என்று ஒவ்வொன்றையும் எடுக்கும் முன் கைப்பேசியில் ஒரு படம். ஒவ்வொரு வயரிலும் எண் எழுதிய காகித டேப். ஓர் அட்டையில் கன்சோலின் வடிவத்தை வரைந்து, எந்த இடத்து ஸ்க்ரூவோ அந்த இடத்திலேயே குத்தி வைத்தேன். நீளமான ஸ்க்ரூ தவறான துளைக்குள் போனால் பின்னால் ஓடும் வயரைத் துளைத்துவிடும்.

வாடைக்குக் காரணம் ரேடியோவுக்குப் பின்னால் இருந்தது. பல ஆண்டுகளுக்கு முன் சிடி பிளேயர் பூட்டிய கடைக்காரர், காரோடு வந்த பிளக்கை வெட்டி, வயர்களை வெறுமனே முறுக்கிக் கறுப்பு டேப் சுற்றியிருந்தார். நம் ஊர் வெயிலில் அந்த டேப்பின் பசை இளகி நழுவியிருந்தது. அதைவிட மோசம், பேட்டரியிலிருந்து நேராக வந்த வயரில் ஃபியூஸே இல்லை. அளவுக்கு மீறி மின்சாரம் பாய்ந்தால் ஃபியூஸ் முதலில் உருகி இணைப்பைத் துண்டிக்கும். அது இல்லாவிட்டால் வயரே அடுப்புக் கம்பிபோல் சூடேறும். அப்பாவின் பயம் நியாயமானதுதான்.

பழுதான வயர்களை மாற்றி, ஈயம் வைத்துப் பற்றவைத்து, சூடு காட்டினால் இறுகும் குழாய் உறையைப் போட்டேன். ரேடியோவின் குறிப்பேட்டில் சொன்ன அம்பியர் அளவில் புது ஃபியூஸ்.

அடுத்தது பிளாஸ்டிக். கன்சோலில் ஸ்க்ரூ ஏறும் இரண்டு கால்கள் ஒடிந்திருந்தன. ஏபிஎஸ் வகைப் பிளாஸ்டிக் அசிட்டோனில் கரையும். அதே வகைத் துண்டுகளை அசிட்டோனில் ஊறவைத்தால் கூழாகிவிடும். அதைப் பின்பக்கமாகப் பூசினால் காய்ந்ததும் ஒரே பிளாஸ்டிக்காக இறுகும். காற்றோட்டமான இடம் வேண்டும், பக்கத்தில் நெருப்பு கூடாது. வேறு வகைப் பிளாஸ்டிக் என்றால் இது பலிக்காது. சிறு துண்டில் சோதித்துவிட்டே இறங்குங்கள். காணாமல் போன மூடி ஒன்று மட்டும் கெடாய் போத்தோங்கில் கிடைத்தது.

பூட்டும்போது கடைசியாகக் கழற்றியது முதலில் போகும். பழைய பிளாஸ்டிக்கில் ஸ்க்ரூ வைத்தால், முதலில் இடப்பக்கமாக மெதுவாகத் திருப்புங்கள். ‘டக்’ என்று பழைய தடத்தில் விழும். பிறகு வலப்பக்கம் திருப்பினால் புதிதாக அறுக்காமல் ஏறும். எல்லா ஸ்க்ரூவையும் பாதி ஏற்றிய பின்பே ஒவ்வொன்றாக இறுக்க வேண்டும். முழுதாக மூடும் முன் பேட்டரியை இணைத்து ரேடியோ, விளக்கு, லைட்டர் எல்லாவற்றையும் சோதித்தேன். வாடை இல்லை.

ரேடியோ துளையின் அளவு 180-க்கு 50 மில்லிமீட்டர். உலகெங்கும் பொதுவான அளவு இது. அதனால் புளூடூத் உள்ள இன்றைய ரேடியோவும் எதையும் வெட்டாமல் உட்கார்ந்தது. ஆஷ்ட்ரேயின் உள்ளே இருந்த கீறல்களைத் தேய்க்கவில்லை. அப்பா புகைப்பவரல்லர், அவை டோல் சில்லறை போட்ட தடங்கள்.

மூடும் முன் ஒரு காகிதத்தில் வயர்களின் நிறம், ஃபியூஸ் அளவு, தேதி எழுதி உள்பக்கம் ஒட்டினேன். எங்கும் பசை போட்டு அடைக்கவில்லை. அடுத்துத் திறப்பவருக்கும் வழி தெரிய வேண்டும். பழைய காருக்குச் சாகா வரம் அப்படித்தான் கிடைக்கும்.

உங்கள் வீட்டுக் காரில் கருகல் வாடை வந்தால் காத்திருக்காதீர்கள். ஓட்டுவதை நிறுத்தி, நல்ல கார் வயர்மேனிடம் காட்டுங்கள். எங்கள் சாகாவை அப்பா இப்போது விற்கப் போவதில்லை. பின்னிருக்கையில் பேரனுக்குக் குழந்தை இருக்கை எப்படிப் பூட்டுவது என்றுதான் கேட்டுக்கொண்டிருக்கிறார்.