மஞ்சள் புற்றுக்கட்டியைப் பட்டினி போடுமா?

புற்றுக்கட்டி ஒன்றிரண்டு மில்லிமீட்டரைத் தாண்டி வளர வேண்டுமானால் அதற்குத் தனி ரத்த ஓட்டம் தேவை. ஆக்சிஜன் போதாத புற்றுச்செல்கள் விஇஜிஎஃப் என்ற புரதத்தைச் சுரக்கின்றன. அது அருகிலுள்ள ரத்தக் குழாயின் உட்சுவர்ச் செல்களைத் தூண்ட, புதுக் கிளைகள் கட்டியை நோக்கி நீள்கின்றன. இந்தக் கிளைகளைத் தடுத்தால் கட்டி வளராது என்று 1971-இல் வாதிட்டவர் அமெரிக்க மருத்துவர் ஜூடா ஃபோக்மன்.

மஞ்சளிலுள்ள குர்குமினும் பச்சைத் தேயிலையிலுள்ள இஜிசிஜியும் ஆய்வகச் சோதனைகளில் இந்தக் கிளைப்பைக் குறைத்திருக்கின்றன. எப்படிச் சோதிக்கிறார்கள்? கருவுற்ற கோழிமுட்டையின் ஓட்டில் சின்னச் சன்னல் வெட்டி, உள்ளே ரத்தக் குழாய்கள் பின்னிக் கிடக்கும் சவ்வின் மேல் சாறு தோய்த்த வட்டத் தாளை வைப்பார்கள். சாறு வேலை செய்தால், ஓரிரு நாளில் தாளைச் சுற்றிக் குழாய்கள் குறைந்திருக்கும்.

அப்படியானால் ஏன் இன்னும் மருந்தாகவில்லை? விழுங்கும் குர்குமினில் மிகச் சிறு பங்குதான் ரத்தத்தில் சேர்கிறது. மீதியைக் குடலும் கல்லீரலும் உருமாற்றிக் கழித்துவிடுகின்றன. முட்டையில் நேராக வைத்த அளவு, உடலுக்குள் கட்டியை எட்டுவதில்லை. கிளைப்பைத் தடுக்கும் மருந்து வேறு இருக்கிறது: 2004-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற பெவாசிசுமாப் ஊசிமருந்து விஇஜிஎஃபையே பிடித்து முடக்குகிறது. அதையும் பெரும்பாலும் கீமோதெரபியுடன் சேர்த்தே தருகிறார்கள்.

குழம்பில் போடும் மஞ்சளால் பாதகமில்லை. ஆனால் குர்குமின் மாத்திரை சில மருந்துகளின் வேலையை மாற்றக்கூடும். சிகிச்சையில் இருப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் அதைத் தொட வேண்டாம்.