உங்களுக்குத் தெரியுமா? வண்டிக்குள் தூங்க ஒரு சின்ன விசிறி

● ஆடித்தபசுத் திருவிழாவுக்கு வேன் பிடித்துச் சங்கரன்கோவில் வருகிற குடும்பங்கள் பலவற்றுக்கு இரவுப் படுக்கையும் அந்த வேன்தான். ஆடியில் கவலையில்லை, செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் மேல்காற்றுக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டால் போதும். இந்தக் காற்றை நம்பித்தான் சுற்றுவட்டாரக் காற்றாலைகளே நிற்கின்றன. சித்திரையில் அதே வேனில் படுத்துப் பாருங்கள், விடிய விடியப் புழுக்கம்.

● 3.5 டன்னுக்கு மேற்பட்ட லாரிகள் 2025 முதல் ஓட்டுநர் கேபினில் ஏசியோடுதான் தயாராக வேண்டும். எத்தனையோ காலம் தள்ளிப்போன நியாயம் இது. ஆனால் வழக்கமான வண்டி ஏசி, இன்ஜின் ஓடினால்தான் ஓடும். ஓரங்கட்டிக் கண்ணயரும் நேரத்துக்கு விசிறிதான் துணை.

● 2024 டிசம்பரில் கேரளத்தின் வடகரையில், சாலையோரம் நின்ற கேரவனுக்குள் இருவர் இறந்து கிடந்தார்கள். ஜெனரேட்டர் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு உள்ளே கசிந்ததே காரணம் என்று கோழிக்கோடு என்ஐடி குழு கண்டறிந்தது. அந்த வாயுவுக்கு நிறமில்லை, மணமில்லை. தூங்குகிறவரை அது எழுப்பாது. விசிறிதான் ஓடுகிறதே என்று இன்ஜினையோ ஜெனரேட்டரையோ ஓடவிட்டுப் படுக்கவே படுக்காதீர்கள்.

● விசிறியின் வேகத்தைப் பாதியாக்கினால் காற்று பாதியாகும். மின்சாரமோ எட்டில் ஒரு பங்காகிவிடும்! சத்தமும் சுமார் 15 டெசிபல் இறங்கும். அதனால் ஒரு விசிறியை முழு வேகத்தில் அலறவிடுவதைவிட, இரண்டைப் பாதி வேகத்தில் ஓட்டுவது மேல். காற்று அதே அளவு, மின்சாரம் கால்பங்கு. இந்தக் கணக்கு ஒன்றைத் தெரிந்துகொண்டாலே பாதி வேலை முடிந்தது.

● கம்ப்யூட்டர் பெட்டிக்குள் சுழலும் 12 செ.மீ. விசிறிக்கு ஏறக்குறைய 2 வாட் போதும், அதுவும் 12 வோல்ட்டில். அப்படி இரண்டு, 8 மணி நேரம் ஓடினால் 32 வாட்-மணி. 12 வோல்ட், 100 ஏஎச் பேட்டரியில் இருப்பதோ 1,200 வாட்-மணி. காலையில் செல்ஃப் எடுக்குமா என்று பயப்பட வேண்டாம். 50 வாட் மேஜை விசிறியை இன்வெர்ட்டரில் மாட்டினால் அதே இரவுக்கு 400-க்கு மேல் போய்விடும்.

● லாரியில் இருப்பது 24 வோல்ட். 12 வோல்ட் விசிறியை நேராக மாட்டினால் கருகிவிடும். அதிலுள்ள இரண்டு 12 வோல்ட் பேட்டரியில் ஒன்றிலிருந்து மட்டும் ஒயர் இழுத்தால் அந்த ஒன்று சீக்கிரம் படுத்துவிடும். நடுவில் ஒரு கன்வெர்ட்டர், பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஒரு ஃபியூஸ். இரண்டும் அவசியம்.

● ராத்திரி காதைக் குடையும் 'ர்ர்ர்' பெரும்பாலும் விசிறியுடையது அல்ல, அதைப் பிடித்திருக்கும் தகரத்துடையது. பழைய சைக்கிள் டியூபை நாலு துண்டு வெட்டி, திருகுக்கு அடியில் வாஷராக வைத்து, லேசாக முடுக்குங்கள். வலைக்கம்பியை இறக்கையை ஒட்டி வைக்காமல் இரண்டு விரல் இடைவெளி விட்டால் கீச்சுச் சத்தமும் குறையும்.

● வெப்பக்காற்று மேலே ஏறும். எனவே விசிறி கூரையருகே, வெளியே தள்ளுகிற பக்கமாக. காற்று நுழையும் வழி கீழே, நிழல்பக்கம், விசிறியின் வாயைவிடப் பெரிதாக, கொசுவலையோடு. சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு ஊதுபத்தி போதும்: கொளுத்திக் கீழ் வழியருகே பிடித்தால் புகை உள்ளே சாய்ந்து, படுக்கைக்கு மேலாக ஊர்ந்து, விசிறி வழியே போக வேண்டும். எங்காவது நின்று சுழன்றால் அங்கே தலை வைக்காதீர்கள். பத்தியை அணைத்துவிட்டுப் படுங்கள்.