பதின்மூன்று பள்ளிகள் சேர்ந்து கட்டிய ஏணி

வகுப்பறைக்குள் நுழைந்ததும் கண் முதலில் ஆசிரியையைத் தேடும். நாற்காலியில் அவர் இல்லை. தரையில் விரித்த பாயில், ஐந்தாறு பிள்ளைகளுக்கு நடுவே சம்மணமிட்டு உட்கார்ந்திருக்கிறார். கையில் ஓர் அட்டை. பக்கத்துப் பாயில் மூன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி, இரண்டாம் வகுப்புப் பையனுக்குக் கடன் வாங்கிக் கழிக்கச் சொல்லித் தருகிறாள். இன்னொருவன் சுவரோரம் குந்தியிருக்கிறான். அவனுக்கு எட்டுகிற உயரத்தில், சுவர் முழுக்க ஓடுகிறது ஒரு கறுப்புப் பட்டை. அதில் தனக்கென்று ஒதுக்கிய கட்டத்தில் எழுதி, அழித்து, மறுபடி எழுதுகிறான். தலைக்கு மேலே குறுக்கும் நெடுக்குமாகக் கட்டிய கயிறுகளில், பிள்ளைகள் வரைந்த படங்கள் காற்றில் ஆடுகின்றன. அறையில் சத்தம் இருக்கிறது. வேலை நடக்கும் இடத்தின் சத்தம்.

2007க்குப் பிறகு சில ஆண்டுகள் தமிழ்நாட்டு அரசுத் தொடக்கப் பள்ளிகளில் படித்தவர்களுக்கு இந்தக் காட்சி பழக்கமானது. ‘செயல்வழிக் கற்றல்’ என்று சுற்றறிக்கைகள் சொல்லும். ‘ஏபிஎல்’ என்று ஆசிரியர்கள் சொல்வார்கள். பாய், அட்டை, ஏணி மூன்றும் பலருக்கு நினைவிருக்கும். அந்த அட்டைகளை யார் எழுதினார்கள், எப்படி எழுதினார்கள் என்பது மட்டும் பேச்சில் வருவதே இல்லை.

அதற்கு ஒரு பதில் உண்டு. 2003ஆம் ஆண்டு, சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் தொடங்கிய வேலை அது. பிள்ளைகள் வாங்கிய மதிப்பெண்ணைவிட, அந்தப் பள்ளிகளின் ஆசிரியர்கள் கூடிச் செய்த வேலையையே அந்த ஆண்டின் சாதனையாக நான் நினைக்கிறேன்.

கிராமத்திலிருந்து நகரத்துக்கு

நல்லது எதுவும் நகரத்தில் தொடங்கிக் கிராமத்துக்குப் போகும் என்பது நம் பொதுவான நினைப்பு. இந்த முறை எதிர்த்திசையில் பயணம் செய்தது.

டேவிட் ஹார்ஸ்பரோ என்ற ஆங்கிலேயர் 1972இல் கர்நாடகத்தின் கோலார் மாவட்டத்தில் ‘நீல்பாக்’ என்ற சின்னஞ்சிறு பள்ளியைத் தொடங்கினார். வகுப்புப் பிரிவு கிடையாது, தேர்வு கிடையாது. பல வயதுப் பிள்ளைகள் ஒரே கூரையின் கீழ், அவரவர் வேகத்தில் கற்றார்கள். அவரிடம் பயிற்சி பெற்ற பத்மநாப ராவும் ரமாவும் பிறகு ஆந்திரத்தின் மதனப்பள்ளிக்கு அருகே, ஜே.கிருஷ்ணமூர்த்தியின் ரிஷி வேலிப் பள்ளி வளாகத்தைச் சுற்றியிருந்த குக்கிராமங்களுக்குப் போனார்கள்.

அங்கே ஓர் ஆசிரியர், ஓர் அறை, நான்கைந்து வகுப்புகள். கல்வித் துறையின் கண்ணுக்கு அது குறைபாடு. ‘ஒரே அறையில் எல்லா வகுப்பும் என்றால் பெரியவன் சின்னவனுக்குச் சொல்லித் தரலாமே’ என்ற வாய்ப்பை அந்த இருவரும் அதில் கண்டார்கள். பாடநூலைச் சிறு சிறு படிகளாகப் பிரித்து அட்டைகளாக்கினார்கள். ‘பெட்டிக்குள் ஒரு பள்ளி’ என்று பெயர் பெற்ற அந்தத் தொகுப்புதான், நாம் பின்னால் பார்த்த அட்டைகளுக்குத் தாய்.

தமிழ்நாட்டுக்கு அதைக் கொண்டுவந்தவர் எம்.பி.விஜயகுமார் ஐ.ஏ.எஸ். 1990களில் வேலூர்ப் பகுதியில் மாவட்ட ஆட்சியராக இருந்தபோது, கொத்தடிமைகளாகக் கிடந்த குழந்தைத் தொழிலாளர்களை மீட்கும் பணியில் இறங்கியவர் அவர். பீடி சுற்றிய விரல்களோடு வந்த பத்து வயதுப் பிள்ளையை ஒன்றாம் வகுப்பில் உட்கார வைத்தால் வெட்கப்படும். ஐந்தாம் வகுப்பில் உட்கார வைத்தால் ஒன்றும் புரியாது. இரண்டுமே அதை மறுபடி வேலைக்குத்தான் துரத்தும். எந்த வயதில் வந்தாலும், எங்கே விட்டிருந்தாலும், அங்கிருந்தே தொடங்கக்கூடிய ஒரு முறை அந்தச் சிறப்புப் பள்ளிகளுக்குத் தேவைப்பட்டது. அதைத் தேடிய தேடல் அவரை ரிஷி வேலியிடம் சேர்த்தது. பின்னர் சென்னை மாநகராட்சி ஆணையராக வந்தபோது, அந்த அனுபவத்தையும் சேர்த்தே கொண்டுவந்தார்.

ஆக, மாநிலத்தின் தலைநகரத்துக்கு இந்த முறையைக் கற்றுக்கொடுத்தவர்கள் ஆந்திரக் குக்கிராமப் பிள்ளைகளும் பீடி சுற்றிய பிள்ளைகளும்தான். இதை நாம் மறக்கக் கூடாது.

புத்தகத்தைப் பிரித்துப் போட்ட ஆண்டு

2003இல் மாநகராட்சிப் பள்ளிகளின் நிலை எல்லோருக்கும் தெரிந்தது. தெருவுக்குத் தெரு நர்சரி பள்ளி. கொஞ்சம் வசதி வந்தால் பிள்ளையை அங்கே மாற்றிவிடுவார்கள். மிச்சமிருந்தவர்கள், வேறு வழி இல்லாதவர்களின் பிள்ளைகள்: மீனவர், கட்டட வேலை செய்பவர், வீட்டு வேலை செய்பவர், நடைபாதையில் கடை போட்டவர். கூலி இருக்கும் நாளும் இல்லாத நாளும் அவர்களுடைய வருகைப் பதிவேட்டில் தெரியும்.

மாநகராட்சியின் கீழ் இருந்த 264 பள்ளிகளுக்கும் ஒரே நாளில் உத்தரவு போட்டிருக்கலாம். மாநகராட்சி அப்படிச் செய்யவில்லை. 13 பள்ளிகளை எடுத்துக்கொண்டது. ஆசிரியர்கள் ரிஷி வேலிக்குப் போனார்கள். அங்கே ஒற்றை ஆசிரியர் பள்ளியில் பிள்ளைகள் தாமாகவே அட்டை எடுத்து, தாமாகவே குழுவில் அமர்ந்து படிப்பதை நேரில் பார்த்தார்கள். அதிகாரி சொல்லிக் கேட்பது வேறு. தன்னைப் போலவே சம்பளம் வாங்குகிற, தன்னைவிட வசதி குறைந்த இன்னொரு வாத்தியார் செய்துகாட்டுவதைப் பார்ப்பது வேறு.

திரும்பி வந்த பிறகுதான் உண்மையான வேலை தொடங்கியது. தெலுங்குக் கிராமத்துக்காக எழுதிய அட்டை சென்னைக் குப்பத்துப் பிள்ளைக்கு அப்படியே உதவாது. எனவே ஆசிரியர்கள் பாடநூலைக் கையிலெடுத்து, அதில் பிள்ளைக்கு வர வேண்டிய திறன்கள் எவை என்று பிரித்தார்கள். ஒவ்வொரு திறனையும் சிறு படிகளாக்கி, படிக்கு ஓர் அட்டை எழுதினார்கள்.

தமிழையே எடுத்துக்கொள்ளுங்கள். ‘அ, ஆ, இ’ என்று நெடுங்கணக்கு வரிசையில் தொடங்குவதுதான் நம் வழக்கம். ஆனால் ஐந்து வயதுக் கைக்கு ‘அ’வின் சுழி சுலபமா? ‘இ’யின் வளைவு சுலபமா? ‘ட’, ‘ப’ என்று நேர்க்கோடுகளால் ஆன எழுத்துகள்தான் சுலபம். எளிதில் எழுத வருவதை முதலில் வைத்து, அறிந்த எழுத்துகளைக் கொண்டே உடனே ஒரு சொல்லைப் படிக்க வைப்பது என்று வரிசை மாறியது. இலக்கணத்தின் வரிசை பெரியவர்களின் வசதிக்கானது. புதிய வரிசை விரல்களின் வசதிக்கானது. இந்த மாற்றத்தைச் செய்யத் தமிழ் இலக்கணம் தெரிந்தால் மட்டும் போதாது. ஒன்றாம் வகுப்பில் பல ஆண்டுகள் பிள்ளைகளின் கை பிடித்து எழுத வைத்தவருக்குத்தான் அது புலப்படும்.

இங்கேதான் பள்ளிகள் ஒன்றோடொன்று சேர்வதன் பயன் தெரிகிறது. ஒரு பள்ளியின் ஆசிரியர் எழுதிய அட்டை அந்தப் பள்ளியில் வேலை செய்யலாம், இன்னொரு பள்ளியில் செய்யாமல் போகலாம். பல வகுப்பறைகளில் ஒரே நேரத்தில் பயன்படுத்தும்போது, எந்தப் படி மிக உயரம், எங்கே இரண்டு படிகளுக்கு நடுவே இன்னொன்று தேவை என்று தெரிந்துவிடும். தனி ஒருவருக்கு அது தன் தோல்வியாகத் தோன்றும். கூடிப் பேசும்போதுதான், பிழை தன்னிடமோ பிள்ளையிடமோ இல்லை, அட்டையில் இருக்கிறது என்பது விளங்கும். பிறகு அட்டையைத் திருத்த வேண்டியதுதான்.

ஏணி செய்யும் வேலை

வகுப்பறைச் சுவரில் பாடத்துக்கு ஒன்றாக ஏணிப் படம் தொங்கும். ஒவ்வொரு படியிலும் விலங்கு, பறவை, வாகனம் என்று ஏதாவது ஒரு சின்னமும் ஓர் எண்ணும் இருக்கும். பிள்ளை காலையில் வந்ததும் தன் வருகையைத் தானே பதிவு செய்யும். ஏணியில் தான் நிற்கும் படியைப் பார்த்து, அலமாரித் தட்டிலிருந்து அதே சின்னமுள்ள அட்டையை எடுத்துக்கொண்டு, உரிய குழுவில் போய் உட்காரும்.

குழுக்கள் ஆறு. புதிய பாடம் என்றால் ஆசிரியரின் முழு உதவி கிடைக்கும் குழு. கொஞ்சம் பிடிபட்ட பிறகு பாதி உதவிக் குழு. அடுத்து, சக மாணவரின் உதவி முழுமையாகவும் ஓரளவும் கிடைக்கும் இரண்டு குழுக்கள். பிறகு தானே படிக்கும் குழு. கடைசியில் மதிப்பீட்டுக் குழு. மதிப்பீட்டில் தடுமாறினால் சிவப்பு மையில் மதிப்பெண் விழாது. குறைதீர் அட்டை ஒன்று தயாராக இருக்கும். அதை முடித்துவிட்டு மறுபடி ஏறலாம். தேர்வு என்று தனியாக ஒரு நாள் இல்லாததால், தேர்வு பயத்துக்கும் இடமில்லை.

ஒன்று முதல் நான்கு வரையுள்ள வகுப்புகளின் பிள்ளைகள் கலந்து உட்கார்ந்ததால், இன்னொரு நன்மையும் விளைந்தது. நேற்று கற்றவள் இன்று கற்றுக்கொடுக்கிறாள். கற்றுக்கொடுக்கும்போதுதான் தனக்கே தெளிவாகிறது. வீட்டில் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ளும் அக்காவுக்கு, பள்ளியிலும் அதே பொறுப்பும் அதே மதிப்பும்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது ஒன்று. சொந்த ஊருக்குப் போய்ப் பத்து நாள் கழித்துத் திரும்பும் பிள்ளை, வழக்கமான வகுப்பில் பத்துப் பாடங்களை இழந்திருக்கும். மெல்ல மெல்லக் கடைசி வரிசைக்கும், பிறகு வாசலுக்கு வெளியேயும் போய்விடும். ஏணியில் அப்படி இல்லை. விட்ட படி அங்கேயே காத்திருக்கும். வந்து காலை வைத்து ஏற வேண்டியதுதான்.

13, 264, 37,000

சில பள்ளிகளில் தொடங்கி மெல்ல விரிப்பதில் சென்னை மாநகராட்சிக்கு ஒரு பழைய பாரம்பரியம் உண்டு. 1920இல் ஆயிரம் விளக்கிலிருந்த மாநகராட்சிப் பள்ளியில் பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி தருவது என்று, சர் பிட்டி தியாகராயர் தலைமையில் இருந்த மாநகராட்சி மன்றம் தீர்மானித்தது. ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஓர் அணாவுக்கு மேல் போகாத செலவு. பிறகு அது மேலும் நான்கு பள்ளிகளுக்குப் பரவியது. காமராசரும் எம்.ஜி.ஆரும் மாநிலம் முழுக்க எடுத்துச்சென்ற மதிய உணவுக்கு அந்த ஒற்றைப் பள்ளி முன்னோடி.

அட்டைகளும் அதே வழியில் நடந்தன. 13 பள்ளிகளில் பிடிபட்ட பிறகு, மாநகராட்சியின் 264 பள்ளிகளுக்கும் போயின. முதலில் செய்து பார்த்தவர்களே மற்றவர்களுக்குப் பயிற்சி தந்தார்கள். விஜயகுமார் அனைவருக்கும் கல்வி இயக்கத்தின் மாநிலத் திட்ட இயக்குநரான பின், வட்டாரத்துக்குச் சில பள்ளிகளில் முதலில் தொடங்கி, 2007 ஜூனில் 37,000க்கும் மேற்பட்ட பள்ளிகளுக்கு இந்த முறை விரிந்தது. கிருஷ்ணகிரி மலைக் கிராமத்திலும் கன்னியாகுமரிக் கடற்கரையிலும் ஒரே ஏணி தொங்கியது. அடித்தட்டுப் பிள்ளைகளுக்காகப் பிறந்த ஒரு முறை, ஒரு மாநிலத்தின் பொது முறையானது அபூர்வமான நிகழ்வு.

அச்சில் ஏறாத ஒன்று

ஆனாலும் ஏணி அதே உறுதியோடு நிற்கவில்லை. பல பள்ளிகளில் அட்டைகள் கிழிந்தன, தொலைந்தன. ஓர் அட்டை தொலைந்தால் ஏணியில் ஒரு படி உடைந்த மாதிரி. ‘புத்தகம் எங்கே, வீட்டுப்பாடம் எங்கே’ என்று பெற்றோர் கேட்டார்கள். அந்தக் கேள்வியில் நியாயம் இருந்தது. பதில் சொல்ல எல்லா ஆசிரியர்களாலும் முடியவில்லை. ஆசிரியர் பற்றாக்குறை உள்ள இடங்களில் ஆறு குழுக்களையும் கவனிப்பது பாரமானது. நான்காம் வகுப்புவரை அட்டையில் படித்த பிள்ளை, ஐந்தாம் வகுப்பில் திடீரென்று புத்தகத்தின் முன் உட்கார்ந்தது.

இதைக் கொண்டு இந்த முறையே தவறு என்று சொன்னவர்கள் உண்டு. எனக்கு வேறு காரணம் தெரிகிறது. மாநிலம் முழுக்கப் போய்ச் சேர்ந்தது அட்டை. 13 பள்ளிகளின் ஆசிரியர்கள் கூடி உட்கார்ந்து எழுதி, வகுப்பில் வைத்துப் பார்த்து, திருத்திய அந்த அனுபவம் போய்ச் சேரவில்லை. தானே எழுதியவருக்கு, ஓர் அட்டை தொலைந்தால் இன்னொன்று எழுதத் தெரியும். பெற்றோர் கேட்டால் காரணம் சொல்லத் தெரியும். கட்டுக் கட்டாக அச்சாகி வந்த அட்டையைப் பெற்றுக்கொண்டவருக்கு அது மேலிடத்துப் பொருள். பத்திரமாக வைத்திருக்கலாம், கணக்குக் காட்டலாம், திருத்த உரிமை இல்லை. தரையில் உட்கார்வதும் அப்படித்தான். தானாக உட்கார்ந்தவருக்கு அது பிள்ளையின் கண்ணை நேராகப் பார்க்கும் வழி. உத்தரவுக்கு உட்கார்ந்தவருக்கு அது அவமானம்.

2012-13இல், கல்வியாண்டை மூன்று பருவங்களாகப் பிரிக்கும் முப்பருவ முறை வந்தது. பிறகு அட்டைகள் எளிமையாக்கப்பட்டன. 2022 ஜூனில் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் வந்தது. அதில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று கற்ற நிலையை வைத்துப் பிரிக்கிறார்கள். பிள்ளை நிற்கும் இடத்திலிருந்து தொடங்க வேண்டும் என்ற பழைய பாடம் பெயர் மாறி உயிரோடு இருக்கிறது. அதில் எனக்கு மகிழ்ச்சி. இந்தத் தடவையும் எழுதுபவர் ஓரிடத்திலும் பயன்படுத்துபவர் வேறிடத்திலும் இருந்துவிடக் கூடாதே என்ற கவலையும் இருக்கிறது.

அருகருகே இருக்கும் பள்ளிகளின் ஆசிரியர்கள் கூடுவதற்குக் குறுவள மையம் என்று ஓர் ஏற்பாடு நம்மிடம் ஏற்கெனவே உண்டு. மேலிருந்து வந்த செய்தியை வாசித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டுக் கலையும் இடமாக அது இருக்கலாம். 13 பள்ளிகள் செய்தது போல, ‘என் வகுப்பில் இந்தப் பாடம் ஏறவில்லை, உங்கள் வகுப்பில் எப்படி?’ என்று கேட்கும் இடமாகவும் இருக்கலாம். இரண்டாவது நடக்க வேண்டுமானால், ஆசிரியர்களுக்கு நேரம் வேண்டும், தவறு செய்ய அனுமதி வேண்டும், திருத்தும் உரிமை வேண்டும். 2003இல் அந்த மூன்றும் ஓரளவு கிடைத்தன.

பல நாள் வராமலிருந்து திரும்பும் பிள்ளையை ஏணி திட்டாது, முதல் படிக்கும் அனுப்பாது. விட்ட இடத்தைக் காட்டும். நம் கல்வித் துறையும் அப்படி ஒரு படியை விட்டுவிட்டு வந்திருக்கிறது. பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் ஒரே பாயில் உட்கார்ந்து எழுதிய அந்தப் படி இன்னும் அங்கேயே இருக்கிறது.