எந்திரம் வயலில் நின்றுபோனால்



சம்பா அறுவடை நேரத்தில் எந்திரம் ஒரு நாள் நின்னு போனா என்ன ஆகும் என்று டெல்டா விவசாயிகளுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 2021 ஜனவரியிலும் 2023 பிப்ரவரி தொடக்கத்திலும் எதிர்பாராத மழை பெய்து, முற்றிய கதிர் தண்ணீரில் சாய்ந்து கிடந்ததைப் பார்த்தவர்கள் நீங்கள். அந்த மாதிரி சமயத்தில் மெக்கானிக்கைக் கூப்பிட்டால் "நாளைக்கு வர்றேன், நாளன்னைக்கு வர்றேன்" என்றுதான் பதில் வரும். அவரையும் குறை சொல்ல முடியாது, ஊரெல்லாம் அவரைத் தேடுகிறது. ஆனால் பல நேரம் வயலில் நிற்கிற வண்டிக்குப் பெரிய கோளாறு ஒன்றும் இருக்காது. இரண்டு ஸ்பேனரும் கொஞ்சம் பொறுமையும் இருந்தால் நீங்களே கிளப்பிவிடலாம்.

முதலில் டீசல் விஷயம். ஓடிக்கொண்டிருந்த டிராக்டர் இரண்டு தரம் விக்கி நின்றுவிடுகிறது. செல்ப் போட்டால் எஞ்சின் சுற்றுகிறது, கிளம்பவில்லை, சைலன்சரில் புகையும் வரவில்லை. அப்படியானால் நாசிலுக்கு டீசல் போகவில்லை என்று பொருள். உடனே பலரும் என்ன செய்கிறார்கள்? பேட்டரி தீருகிற வரைக்கும் செல்ப் அடிக்கிறார்கள். அதைச் செய்யாதீர்கள். ஒரு தடவைக்குப் பத்து வினாடிக்கு மேல் செல்ப் போடக் கூடாது. அடுத்த தடவைக்கு முன் ஒரு நிமிஷமாவது விட வேண்டும். இல்லாவிட்டால் செல்ப் மோட்டாரும் சேர்ந்து போய்விடும், சின்னச் செலவு பெரிய செலவாகிவிடும்.

டீசல் எஞ்சினில் பெட்ரோல் வண்டி போலத் தீப்பொறி பிளக் கிடையாது. காற்றை நெருக்கும்போது உண்டாகிற சூட்டிலேயே, நாசில் பீய்ச்சுகிற டீசல் பற்றிக்கொள்கிறது. குழாயில் காற்று புகுந்துவிட்டால், பம்பின் பலமெல்லாம் அந்தக் காற்றை அமுக்குவதிலேயே போய்விடும், நாசில் திறக்காது. இதைத்தான் 'ஏர் பிடிச்சிருச்சு' என்கிறோம். டாங்க்கில் டீசல் அடியோடு தீர்ந்தாலும், பில்டர் மாற்றும்போது வாஷர் சரியாக உட்காராவிட்டாலும், குழாயில் கீறல் விழுந்தாலும் ஏர் பிடிக்கும்.

எடுப்பது எப்படி? டாங்க்கில் டீசலை ஊற்றி, அடியில் உள்ள டேப்பைத் திறந்து வையுங்கள். பில்டர் தலையில் இருக்கிற ஏர் ஸ்க்ரூவை இரண்டு சுற்று தளர்த்தி, கைப்பம்பை அழுத்திக்கொண்டே இருங்கள். முதலில் நுரை நுரையாக வரும். குமிழி நின்று, சுத்தமான டீசல் வழிகிறபோதே ஸ்க்ரூவை முடுக்கிவிட வேண்டும். இரண்டு பில்டர் இருந்தால் முதல் பில்டர், பிறகு இரண்டாவது, கடைசியில் டீசல் பம்பு என்று வரிசையாகப் போக வேண்டும். அதற்கும் கிளம்பாவிட்டால், நாசிலுக்குப் போகிற குழாயின் நட்டை ஒரு சுற்று தளர்த்திச் செல்ப் போடச் சொல்லுங்கள். டீசல் துள்ளி வந்ததும் முடுக்குங்கள். அந்த நேரம் கையை அதன் முன்னால் நீட்டாதீர்கள். அழுத்தத்தோடு பீய்ச்சுகிற டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். ஊசி குத்தினது போலத்தான் தெரியும், ஆனால் கையே போகிற அளவுக்கு வினையாகும். அப்படி ஆனால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போயாக வேண்டும்.

இன்னொரு வேடிக்கையான கோளாறு உண்டு. வண்டி அரை மணி ஓடும், நிற்கும். கொஞ்ச நேரம் கழித்துக் கிளப்பினால் மறுபடி ஓடும். ஒரு விவசாயி இதற்காகப் பம்பையே கழற்றிப் பட்டறைக்குக் கொண்டுபோய்விட்டார். கடைசியில் பார்த்தால், டாங்க் மூடியில் உள்ள சின்னத் துவாரம் சேறு அடைத்திருந்தது. காற்று உள்ளே போனால்தானே டீசல் கீழே இறங்கும்! பம்பைத் தொடுவதற்கு முன் மூடியைத் தளர்த்திப் பாருங்கள்.

புகையும் சேதி சொல்லும். கரும்புகை என்றால் எஞ்சினுக்குக் காற்றுப் போதவில்லை, அல்லது பாரம் அதிகம், அல்லது நாசில் சரியாகத் தூவவில்லை. நீங்கள் பார்க்க வேண்டியது ஏர் கிளீனரை. அறுவடைத் தூசியில் அதைத் தினமும் பார்க்கணும். ஆயில் ஊற்றுகிற ரகமானால் அழுக்கு ஆயிலைக் கொட்டிவிட்டு, குறி வரைக்கும் புது ஆயில் விடுங்கள். காகித ரகமானால் மெதுவாகத் தட்டி, உள்ளிருந்து வெளியே லேசாகக் காற்றடிக்க வேண்டும். தண்ணீரில் அலசக் கூடாது. நீலப்புகை வந்தால் எஞ்சின் ஆயில் எரிகிறது, அது மெக்கானிக் வேலை. காலையில் கிளப்பும்போது வெள்ளைப்புகை வந்து மறைந்தால் கவலையில்லை. சூடான பிறகும் நிற்காமல் வந்து, ரேடியேட்டரில் தண்ணீரும் குறைந்துகொண்டே போனால், ஆயில் குச்சியை எடுத்துப் பாருங்கள். ஆயில் பால் காப்பி நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது. அதற்குமேல் ஒரு வரப்பு தூரம்கூட ஓட்ட வேண்டாம்.

சூடு ஏறுவதற்கு முதல் காரணம் தூசும் பதரும். கதிரறுக்கும் எந்திரத்தில் ரேடியேட்டர் வலையைப் பதர் அப்பிக்கொள்ளும். எஞ்சினை நிறுத்தி, பகலில் இரண்டு மூன்று தரமாவது தட்டி எடுங்கள். பேன் பெல்ட்டைக் கட்டைவிரலால் அழுத்தினால் அரை அங்குலம் போல உள்ளே போகலாம், தொளதொளவென்று இருந்தால் முடுக்க வேண்டும். சூடாக இருக்கும்போது மூடியைத் திறந்தால் கொதிநீர் முகத்தில் அடிக்கும். கொதிக்கிற எஞ்சினில் பச்சைத் தண்ணீரை ஊற்றினால் இரும்பு வெடித்துவிடும். ஆறட்டும், அதுவரை ஒரு டீ குடியுங்கள்.

அறுவடை எந்திரம் பெரும்பாலும் வாடகைக்கு வருவது. கோளாறு எந்திரத்துக்காரருடையது, நஷ்டம் மட்டும் நம்முடையது. அதனால் எந்திரம் சரியாக அறுக்கிறதா என்று நீங்களே பார்க்கத் தெரிந்திருக்கணும். எந்திரம் போன தடத்தில் ஒரு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலத்துக்குக் குச்சி நட்டு, கீழே கிடக்கிற நெல்மணியை எண்ணுங்கள். எந்திரம் வரும் முன்பே உதிர்ந்து கிடந்ததைக் கழித்துவிடுங்கள். நடுத்தர ரகத்தில் ஆயிரம் மணி ஏறக்குறைய 20 கிராம். சதுர மீட்டருக்கு 300 மணி கிடந்தால் 6 கிராம். ஏக்கர் என்பது சுமார் 4,000 சதுர மீட்டர், ஆக 24 கிலோ நெல் தரையில் போகிறது. ஒரே இடத்தில் எண்ணாமல் நாலைந்து இடத்தில் எண்ணிப் பார்ப்பது நல்லது.

எங்கே போகிறது என்பதையும் கண்டுபிடிக்கலாம். வெளியே வருகிற வைக்கோலில் நெல் ஒட்டிக்கொண்டே இருந்தால், அடிக்கிற டிரம்மின் வேகம் குறைவு, அல்லது டிரம்முக்கும் அதன் கீழ் உள்ள சல்லடைக்கும் இடைவெளி அதிகம். நெல் நொறுங்கி அரிசியாக வந்தால் வேகம் அதிகம், அல்லது இடைவெளி குறைவு. வைக்கோல் சுத்தமாக இருந்தும் பதரோடு முழு நெல் பறந்தால் காற்று அதிகம். தொட்டியில் பதர் சேர்ந்தால் காற்று குறைவு. கதிரை வளைத்து இழுக்கிற சுழல் அதிவேகமாகச் சுற்றினால் முன்னாலேயே மணி உதிரும். டிரைவரிடம் தயங்காமல் சொல்லுங்கள், "அண்ணே, காத்தைக் கொஞ்சம் குறைங்க, டிரம்மைப் பாருங்க" என்றால் போதும். சாய்ந்த பயிரைச் சாய்வுக்கு எதிர்த் திசையில், மெதுவாக அறுக்கச் சொல்லுங்கள். மணிக்கு இவ்வளவு என்று வாடகை பேசியிருக்கிறோமே என்று அவசரப்படுத்தினால், மிச்சமாகிற காசைவிட வயலில் விடுகிற நெல் அதிகமாகிவிடும். பனி ஈரம் காய்வதற்குள் காலையிலேயே இறக்கினால், தாள் டிரம்மைச் சுற்றிக்கொண்டு நிற்கும்.

அப்படித் தாள் சிக்கும்போதுதான் விபத்து நடக்கிறது. எஞ்சின் ஓட, பிளேடுக்குள் கைவிட்டு இழுக்கிறார்கள். அடைப்பு விலகின நொடியில் பிளேடு பாயும். எஞ்சினை நிறுத்தி, சாவியை எடுத்து, தாள் எடுக்கிறவரே அதைத் தன் இடுப்பில் செருகிக்கொள்ளட்டும். வேறு யாரும் தெரியாமல் கிளப்ப முடியாது.