சபரில் ஒருவர், வீட்டில் ஒருவர்: மனம் நலமாக இருக்க உறவைப் பேணுவோம்

நம் ஊர்களில் 'சபர்' என்றால் வெறும் பயணம் அல்ல, வளைகுடா வேலை. தெருவுக்குப் பத்து வீடு என்றால் அதில் பாதி வீட்டிலாவது ஒருவர் சவுதியிலோ, துபாயிலோ, குவைத்திலோ, கத்தாரிலோ இருப்பார். கட்டிய வீடும், பிள்ளைகளின் படிப்பும், தங்கைமாரின் நிக்காஹும் பெரும்பாலும் அந்தச் சம்பாத்தியத்தில் நடந்தவைதாம். அதை யாரும் மறுப்பதற்கில்லை.

ஆனால் இன்னொரு கணக்கும் இருக்கிறது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை இரண்டு மாதம் லீவு என்று வைத்துக்கொண்டால், பன்னிரண்டு வருடத் திருமண வாழ்வில் கணவனும் மனைவியும் சேர்ந்து இருந்தது ஏறக்குறைய ஒரே வருடம்தான். மீதி பதினொரு வருடமும் அந்த உறவு போனில்தான் வாழ்கிறது. அந்தப் போன் பேச்சு எப்படி இருக்கிறது என்பதைப் பொறுத்தே பல வீடுகளில் மனநலமும் இருக்கிறது.

இந்தப் பிரிவின் பாரத்தை நம் முன்னோர் அறியாதவர்கள் அல்லர். கலீஃபா உமர் (ரலி) அவர்கள் இரவில் நகர்வலம் வந்தபோது, போருக்குச் சென்ற கணவனைப் பிரிந்த ஒரு பெண்ணின் வேதனைக் குரலைக் கேட்டார்கள் என்று ஓர் அறிவிப்பு உண்டு. ஒரு பெண் எவ்வளவு காலம் பிரிவைத் தாங்குவாள் என்று தம் மகள் ஹஃப்ஸா (ரலி) அவர்களிடம் விசாரித்து, அதன்படி படைவீரர்கள் ஊர் திரும்ப ஒரு கால வரம்பு வைத்தார்கள். அது நான்கு மாதம் என்றும் ஆறு மாதம் என்றும் அறிவிப்புகள் உள்ளன. இன்றைய விசாவும் ஒப்பந்தமும் நம் கையில் இல்லை. ஆனால் பிரிவின் வேதனை ஒரு பலவீனம் அல்ல, ஆட்சியாளரே கவனிக்க வேண்டிய விஷயம் என்பதை இதிலிருந்து புரிந்துகொள்ளலாம்.

தனிமை உடம்பையும் பாதிக்கும்

அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1938-ல் தொடங்கிய ஓர் ஆய்வு இன்றும் நடக்கிறது. சில நூறு பேரின் வாழ்க்கையை இளமையிலிருந்து முதுமை வரை தொடர்ந்து கவனித்தார்கள். முதுமையில் யார் உடல்நலத்தோடும் மனநிறைவோடும் இருந்தார்கள் என்று பார்த்தபோது, பணத்தையும் புகழையும் விட நெருக்கமான நல்ல உறவுகளே முன்னால் நின்றன. உலக சுகாதார நிறுவனம் 2025-ல் வெளியிட்ட அறிக்கை, உலகில் ஆறு பேரில் ஒருவர் தனிமையால் பாதிக்கப்படுகிறார் என்கிறது. மாரடைப்பு, பக்கவாதம், சர்க்கரை நோய், மனச்சோர்வு ஆகியவற்றுக்கான வாய்ப்பைத் தனிமை கூட்டுகிறது என்றும் அது சொல்கிறது.

தனிமை என்பது ஆள் இல்லாமல் இருப்பது மட்டும் அல்ல. ஒரே அறையில் எட்டுப் பேரோடு கட்டில் போட்டுப் படுப்பவருக்கும், மாமனார், மாமியார், கொழுந்தன் என்று வீடு நிறைய ஆள் உள்ள மருமகளுக்கும் தனிமை உண்டு. மனத்தில் இருப்பதைச் சொல்ல ஒருவரும் இல்லாத நிலைதான் அது.

பேச்சு கணக்காகிவிடும்போது

ஒரு காலத்தில் கடிதம் வந்து சேர வாரங்கள் ஆயின. கேசட்டில் குரலைப் பதிவு செய்து, ஊருக்கு வருகிறவரிடம் கொடுத்தனுப்பினார்கள். இன்று தினமும் முகம் பார்த்துப் பேசுகிறோம். பேசும் விஷயம்தான் சுருங்கிவிட்டது. "பணம் வந்துவிட்டதா? யாருக்கு எவ்வளவு கொடுத்தாய்? மகன் எத்தனை மார்க்?" இங்கிருந்து போகும் பேச்சும் அப்படித்தான்: கரண்ட் பில், ஸ்கூல் பீஸ், மாமி சொன்ன சொல், கல்யாணத்துக்கு வைக்க வேண்டிய மொய்.

இவையெல்லாம் பேச வேண்டியவைதாம். ஆனால் இவை மட்டுமே பேச்சாகிவிட்டால், அவர் பணம் அனுப்புகிறவராகவும் இவர் கணக்கு ஒப்பிக்கிறவராகவும் மாறிவிடுகிறார்கள். அதனால் ஒரு சிறிய பழக்கத்தைச் சொல்கிறோம். முதல் பத்து நிமிடம் கணக்கு வேண்டாம். "இன்று என்ன சாப்பிட்டீர்கள் மச்சான்? வெயில் எப்படி?" என்று இவர் கேட்கட்டும். "இன்று உனக்கு வேலை அதிகமா? தூங்கினாயா?" என்று அவர் கேட்கட்டும். ஒருவர் சொன்ன சிறிய விஷயத்தை மற்றவர் நினைவில் வைத்து மறுநாள் விசாரிப்பது, பரிசு அனுப்புவதைவிட மனத்தைத் தொடும்.

நேரத்தையும் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள். அமீரகமும் ஓமனும் நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால்; சவுதி, குவைத், கத்தார், பஹ்ரைன் இரண்டரை மணி நேரம் பின்னால். அவர் இரவு பத்து மணிக்கு வேலை முடித்துக் கூப்பிடும்போது இங்கே நள்ளிரவு தாண்டியிருக்கலாம். தூக்கக் கலக்கத்தில் பேசியதை அன்பில்லாத பேச்சு என்று எடுத்துக்கொள்வதும், போன் எடுக்காததைச் சந்தேகமாக்குவதும் பல சண்டைகளுக்குத் தொடக்கம். வாரத்தில் மூன்று நாள் நிதானமாகப் பேசுவது, தினமும் அரைகுறையாகப் பேசுவதைவிட நல்லது.

இரு பக்கமும் மறைப்பவை

அங்கே மூன்று மாதம் சம்பளம் வரவில்லை. அதைச் சொல்லாமல் கடன் வாங்கி அனுப்புகிறார். இங்கே மனைவிக்கு இரவில் தூக்கம் இல்லை, நெஞ்சு படபடக்கிறது. "பாவம், அவர் கஷ்டப்படுகிறார்" என்று சொல்லாமல் விடுகிறார். இரண்டும் அன்பினால் செய்வதுதான். ஆனால் மறைத்த கஷ்டம் கோபமாகவும் மௌனமாகவும் வெளியே வரும். காரணம் தெரியாதவர் "என்மேல் வெறுப்பு" என்று முடிவு கட்டுவார். உண்மையைச் சொல்லும்போது தீர்வையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பதில்லை. "இந்த மாதம் நெருக்கடி, நீ தெரிந்திருக்க வேண்டும் என்று சொல்கிறேன்" என்பதே போதும்.

மாமியும் மருமகளும்

மகன் தூரத்தில் இருக்கும்போது இருவரும் தனித்தனியே போனில் குறை சொல்வது வழக்கமாகிவிடுகிறது. அவர் எதையும் நேரில் பார்க்க முடியாது. கடைசியாகக் கேட்டதை நம்புவார். சபரில் இருக்கும் சகோதரர்களே, ஒருவர் இல்லாத இடத்தில் அவர்மேல் தீர்ப்புச் சொல்லாதீர்கள். உம்மாவின் குறையைப் பொறுமையாகக் கேளுங்கள். அதை அப்படியே மனைவியிடம் கொண்டுபோகாதீர்கள். மனைவியின் கையில் அவருடைய சொந்தச் செலவுக்கென்று ஒரு தொகை இருக்கட்டும். ஒரு சோப்பு வாங்கவும் மாமியிடம் கேட்க வேண்டிய நிலையில் எந்த உறவும் இனிக்காது. பெற்ற தாயின் வீட்டுக்குப் போய்வரவும், தோழிகளோடு பேசவும் அவருக்குத் தடை இருக்கக் கூடாது. பேச்சு முறிந்திருந்தால், மூன்று நாளுக்கு மேல் பகையோடு பேசாமலிருப்பதைத் தடுத்த நபி (ஸல்) அவர்களின் வழிமுறையை வீட்டுக்குள்ளும் கடைப்பிடிப்போம்.

பிள்ளைகளும், திரும்பி வரும் வாப்பாவும்

பிள்ளைகளுக்கு வாப்பா ஒரு செல்போன் முகம். "வாப்பாவிடம் சொல்லிவிடுவேன்" என்று அவரை மிரட்டலாகப் பயன்படுத்தினால், லீவில் வந்தவரிடம் பிள்ளை ஒட்டாது. வாரத்தில் ஒரு நாள் பாடத்தையும் மார்க்கையும் விட்டுவிட்டு, பிள்ளையோடு மட்டும் தனியாகப் பேசுங்கள். நண்பனின் பெயர், பிடித்த விளையாட்டு, பயப்படும் ஆசிரியர் எல்லாம் உங்களுக்குத் தெரிந்திருக்கட்டும்.

மொத்தமாக ஊர் திரும்பியவர்களின் நிலை இன்னொரு விதம். அவர் இல்லாமலே ஓடப் பழகிய வீட்டில் அவர் விருந்தாளிபோல் உணர்கிறார். வந்த வேகத்தில் எல்லாவற்றையும் மாற்ற முனைந்தால் மோதல்தான். முதல் சில மாதங்கள் கவனிப்பதற்கும், சிறிய பொறுப்புகளை ஏற்பதற்கும் இருக்கட்டும். வருமானம் நின்றதும் மரியாதையைக் குறைப்பது நாம் செய்யும் பெரும் அநீதி.

எப்போது உதவி தேட வேண்டும்?

இரண்டு வாரத்துக்கு மேல் தொடர்ந்து தூக்கமின்மை, பசியின்மை, எதிலும் விருப்பமின்மை, காரணமில்லாத அழுகை, ஓயாத உடல்வலி, 'நான் இருந்து என்ன' என்ற எண்ணம் ஆகியவை இருந்தால் அது ஈமான் குறைவு அல்ல, நோயின் அடையாளம். கண்ணேறு, ஜின் என்று மாதக்கணக்கில் அலைவதற்குள் மருத்துவரைப் பாருங்கள். துஆவும் ஓதுவதும் மருந்துக்கு எதிரி அல்ல. மருந்து தேடச் சொன்ன மார்க்கம் நம்முடையது. அரசு மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு. 14416 என்ற 'டெலி மானஸ்' எண்ணில் 24 மணி நேரமும் இலவசமாகத் தமிழில் பேசலாம். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் யார் வாயில் வந்தாலும் அவரைத் தனியே விடாதீர்கள். அன்றைக்கே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

ஒன்றை மட்டும் தெளிவாகச் சொல்ல வேண்டும். அடி, உதை, ஓயாத அவமானம் நடக்கும் வீட்டில் 'சபூர் செய்' என்று சொல்வது அறிவுரை ஆகாது. அங்கே முதலில் வேண்டியது பாதுகாப்பு. பெண்களுக்கான 181 உதவி எண்ணும், ஜமாஅத்தின் பொறுப்பும் அதற்காகத்தான்.

அடுத்த முறை போன் வரும்போது, பணக் கணக்கைப் பத்து நிமிடம் தள்ளிவைத்துப் பாருங்கள். பிரிந்து வாழும் ஒவ்வொரு குடும்பத்திலும் அல்லாஹ் அன்பையும் நிம்மதியையும் நிலைக்கச் செய்வானாக. ஆமீன்.