தாய்மாமன் மடி யாருக்குக் கிடைக்கும்?

யாருக்கு யார் முறை என்று துருவிக்கொண்டிருந்த குடும்ப ஆய்வாளர்கள் இப்போது வேறு கணக்கில் இறங்கியிருக்கிறார்கள். ஒருவருக்கு எத்தனை சொந்தபந்தங்கள் உயிரோடு இருக்கிறார்கள் என்பதே அந்தக் கணக்கு.

மதுரைப் பக்கத்துப் பிரமலைக் கள்ளர்களைப் பற்றி 1957இல் வெளிவந்த பிரெஞ்சு நூல், மாமன் மச்சான் உறவையும் சீர் செய்யும் கடமையையும் உலக ஆய்வரங்கின் மையத்துக்குக் கொண்டுபோனது. அந்த உறவுக்குள்ளேயே பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் முறை இன்னும் அற்றுப்போகவில்லை. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் மணமான பெண்களில் 28 சதவீதம் பேர் சொந்தத்தில் வாழ்க்கைப்பட்டவர்கள். ஆனால் அதே ஆய்வு, ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 பிள்ளைகள் என்றும் சொல்கிறது.

இங்கேதான் கவலை தொடங்குகிறது. கூடப்பிறந்த ஆண் இல்லாத பெண்ணின் குழந்தைக்குத் தாய்மாமன் கிடையாது. அக்கா தங்கை இல்லாத ஆணின் குழந்தைக்கு அத்தை கிடையாது. அப்பாவும் அம்மாவும் ஒற்றைப் பிள்ளைகள் என்றால் சித்தி, பெரியப்பா யாருமே இல்லை.

உலக அளவிலும் இதே போக்குதான். 1950இல் 65 வயதுப் பெண்ணுக்குச் சராசரியாக 41 உறவினர்கள் இருந்தார்கள். 2095இல் அது 25 ஆகும் என்கிறது அண்மைக்கால ஆய்வு ஒன்று. கொள்ளுப் பாட்டிகள் கூடுவார்கள், ஒன்றுவிட்ட அண்ணன் தங்கைகள் குறைவார்கள்.

காதுகுத்தில் குழந்தையை மடியில் வைத்துக்கொள்வது தாய்மாமன். பட்டுத்துணியும் தோடும் பழத்தட்டுமாகச் சீர் வருவது அவர் வீட்டிலிருந்து. சடங்குக்கு ஒருவரை மாமன் முறைக்கு நிறுத்திவிடலாம். நள்ளிரவில் ஆஸ்பத்திரியில் "கூட யாரு இருக்கீங்க?" என்று நர்ஸ் கேட்கும்போது யாரை நிறுத்துவது?

சிறு குடும்பத்தால்தான் பெண்கள் படித்தார்கள், வேலைக்குப் போனார்கள் என்று வாதிடுவோர் உண்டு. நண்பர்களும் அக்கம்பக்கத்தாரும் உறவுக்கு ஈடாக நிற்பார்கள் என்போரும் உண்டு.

இருந்தாலும், ஆள் இல்லாத குறை எங்கே எவ்வளவு என்பதாவது தெரிய வேண்டும். மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஒரே சமையலில் சாப்பிடுகிறவர்களே ஒரு குடும்பம். கோயம்புத்தூரில் இருக்கும் மாமா அதில் வரமாட்டார். 2017-18இல் 45 வயதைக் கடந்த 72,000க்கும் மேற்பட்டோரிடம் நாடு முழுவதும் எடுக்கப்பட்ட முதுமை ஆய்வு, வேறு வீட்டில் வாழும் பிள்ளைகளைப் பற்றியும் விசாரித்தது. அந்த வழியில் இன்னும் ஓரடி போகலாம். அவசரத்துக்கு ஓடி வரக்கூடிய சொந்தக்காரர் யார், எந்த ஊரில் இருக்கிறார் என்ற கேள்வியை எல்லா வயதினரிடமும், முக்கியமாக ஒற்றைப் பிள்ளையாக வளர்ந்தவர்களிடம், இனிவரும் ஆய்வுகள் கேட்க வேண்டும்.